மொர்ஜினா மாடு திருடிய கதை

சர் ஷாலிக் என்கிற ஆற்றுத் திட்டில் புயல் கொடி ஏறியதும் ஆண்கள் வானத்தைப் பார்ப்பார்கள், பெண்கள் அரிசிப் பானையைப் பார்ப்பார்கள். மொர்ஜினா மட்டும் மாடுகளின் கழுத்தைப் பார்ப்பாள். எந்தக் கழுத்தில் எந்தக் கயிறு, அதில் என்ன முடிச்சு என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். "மொத்தாலேப், ஊர்ல எத்தனை ஆளுன்னு உன் சம்சாரத்தைக் கேட்டா முழிப்பா. எத்தனை ஆடுன்னு கேளு, வயித்துல இருக்கற குட்டியையும் சேர்த்துச் சொல்லுவா" என்று தோணிக்காரர்கள் அவள் கணவனைச் சீண்டுவார்கள். மொத்தாலேப்பும் சளைத்தவன் இல்லை. "அதான் நானும் ம்மேன்னு கத்திக்கிட்டே வீட்டுக்குள்ள போறேன். அப்பத்தான் சோறு விழுது" என்பான்.

மேகனா ஆறு கடலில் விழுகிற வாயில், ஆறே கொண்டுவந்து கொட்டிய மண்ணில் எழும்பிய திட்டு அது. கொடுத்ததை ஆறு எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கும் என்பது அங்கே தவழ்கிற குழந்தைக்கும் தெரியும். அப்படிக் கேட்க வரும்போது ஏறி நிற்க இரண்டு இடங்கள் உண்டு. மனிதர்களுக்குத் தூண்கள் மேல் கட்டிய புயல் காப்பகம். அதன் பக்கத்திலேயே ஆடுமாடுகளுக்காக மண்ணைக் குவித்துக் கூரை உயரத்துக்கு எழுப்பிய மேடு. அதைக் கில்லா என்பார்கள். காப்பகத்துக்கு ஆள் சேர்க்கிற தொண்டர்கள் பலர். கில்லாவுக்கு மொர்ஜினா ஒருத்திதான். சம்பளம் கிடையாது. ஒரு மஞ்சள் மேல்சட்டையும் ஒரு ஜோடி ரப்பர் பூட்சும் கொடுத்திருந்தார்கள். பூட்ஸ் அவள் காலுக்கு இரட்டிப்புப் பெரிது. அதனால் வெறுங்காலோடு நடப்பாள், பூட்சுக்குள் வாத்துக்குஞ்சுகளைப் போட்டுக் கையில் தூக்கிக்கொண்டு வருவாள்.

இந்த வேலைக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. சின்ன வயதில் ஒரு பெரும்புயலை அவள் பார்த்தவள். அவள் குடும்பம் பக்கத்து ஊர்ப் பள்ளிவாசல் மாடியில் தப்பித்தது. வெள்ளம் வடிந்து திரும்பி வந்தபோது, அப்பாவின் மாடுகள் அத்தனையும் கட்டின முளையிலேயே செத்துக் கிடந்தன. ஒரு கயிறுகூட அறுந்திருக்கவில்லை. நல்ல கயிறு. அப்பா தன் கையால் திரித்தது. அடுத்த வீட்டுச் சோம்பேறி ஒருவன் அன்றைக்கு மாட்டைக் கட்டவே மறந்திருந்தான். அவன் மாடுகள் நாலைந்து நாள் கழித்து, யாருடைய வயலிலோ மேய்ந்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வீடு வந்து சேர்ந்தன. "தண்ணி கொல்லலை. கயிறுதான் கொன்னுச்சு" என்று மொர்ஜினா இன்றைக்கும் சொல்வாள். இத்தனை வருஷத்தில் அது மாறவில்லை.

கொடி ஏறியதும் அவள் செய்வதைப் பார்க்கவேண்டும். ஆடு மழையில் நடக்காது, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி நின்ற இடத்திலேயே நிற்கும். அதோடு மல்லுக்கட்ட மாட்டாள். குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடப்பாள், தாய் கத்திக்கொண்டே பின்னால் வரும். கோழிகளை மீன் பொறிக்குள் அடைத்துத் தலையில் வைத்துக்கொள்வாள். மாட்டுக் கூட்டத்தில் எது முன்னால் போகிற மாடு என்று கண்டு அதை மட்டும் பிடிப்பாள். எருமைக்கு ஒன்றும் வேண்டாம், அவிழ்த்துவிட்டால் போதும், கடலே வந்தாலும் மூக்கை மேலே வைத்துக்கொண்டு மிதக்கும் என்பாள்.

ஆனால் எதையும் அவளாக அவிழ்க்க மாட்டாள். அந்தத் திட்டில் கொலை செய்தவனிடம்கூடக் காரணம் கேட்பார்கள், அடுத்தவன் மாட்டின் கயிற்றை அவிழ்த்தவனிடம் கேட்க மாட்டார்கள். கயிற்றுத் திருடன் என்று ஒருமுறை பெயர் விழுந்தால் பேரன் காலம் வரைக்கும் போகாது, அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். ஆகவே மொர்ஜினா வாசலில் நின்று "கயிறு குடுங்க" என்று கேட்பாள். வீட்டுக்காரர் தன் கையால் அவிழ்த்து, பிஸ்மில்லா சொல்லி, கயிற்று முனையை அவள் உள்ளங்கையில் வைப்பார். அந்த நம்பிக்கைதான் அவள் கையிலிருந்த ஒரே முதல்.

அவள் தப்பே செய்யாதவள் என்று நினைத்துவிடக்கூடாது. முதல் வருஷம், எந்த ஆடு எந்த வீட்டுடையது என்று தெரிவதற்காக, பெண்கள் காலில் பூசுகிற ஆல்தாச் சாயத்தால் ஒவ்வொரு ஆட்டின் முதுகிலும் ஓர் அடையாளம் போட்டாள். ஒரு வீட்டுக்கு வட்டம், ஒரு வீட்டுக்குக் கோடு, ஒரு வீட்டுக்குப் பிறை. எல்லோரும் மெச்சினார்கள். புயல் என்றால் மழையும் வரும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலையில் கில்லாவின் மேல் அத்தனை ஆடும் ஒரே மாதிரி ரோஜா நிறத்தில் நின்றன. கொழுத்த ஆடுகளுக்கு ஆளுக்கு ஆள் உரிமை கொண்டாடினார்கள், எலும்பும் தோலுமாக இருந்த ஒன்றை மட்டும் யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை. கடைசியில் அது ஹாஜெரா பீபியின் தலையில் கட்டப்பட்டது. அதற்குப் பிறகுதான் மொர்ஜினா வேறு வழி கண்டாள். ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தன் சேலையில் ஒரு துண்டு கிழித்து ஆட்டின் கழுத்தில் கட்டவேண்டும். தன் சேலையைத் தெரியாத பெண் உலகத்தில் உண்டா? அன்றிலிருந்து ஓர் ஆடுகூட மாறவில்லை. ஆனால் ஹாஜெரா பீபியின் ஆடு போனது போனதுதான்.

ஹாஜெரா பீபி விதவை. கடலைத் தடுக்கப் போட்ட மண்கரைக்கு வெளிப்பக்கம், திட்டின் தெற்கு ஓரத்தில் அவள் வீடு. மகன் சிட்டகாங்கில் கூலி வேலைக்குப் போயிருந்தான். வீட்டில் மருமகள் ரஹேலா, பால்குடி மறக்காத பேத்தி, லாலி என்கிற செவலைப் பசு. மொர்ஜினாவை எங்கே பார்த்தாலும் ஹாஜெரா விடமாட்டாள். "என் ஆடு கில்லாவுல ஏறும்போது ஆனை மாதிரி இருந்துச்சு. இறங்கும்போது பூனை மாதிரி இருந்துச்சு. மேல என்னடி நடக்குது?" என்பாள். மொர்ஜினா தலையைக் குனிந்துகொண்டு போவாள். ஒரு நாள் குளத்துப் படியில் ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் முன்னால் ஹாஜெரா சபதமே போட்டுவிட்டாள். "இனி எந்தக் கொடி ஏறினாலும் உசிரோட என் வீட்டு வாசலைத் தாண்டமாட்டேன், என் மையத்துதான் தாண்டும்!" மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா என்பார்கள். ஹாஜெரா இரண்டுக்கும் மூத்தவள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் ஐப்பசி மாதப் புயல் வந்தது. வயலில் நெல் பால் பிடித்து நின்றது. முதல் கொடி முந்தின நாளே ஏறியது, காலையில் இரண்டாவது. நடுப்பகலில், வானம் பழுத்த பலாச்சுளை நிறத்துக்கு வந்தபோது, மூன்றாவது கொடியும் ஏறிவிட்டது. மூன்று கொடி என்றால் பேச்சுக்கு இடமில்லை, கிளம்ப வேண்டியதுதான். மொர்ஜினா காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தாள். கில்லாவில் மாடுகளும் ஆடுகளும் வந்து நிறைந்தன. வைக்கோல் போட்டாயிற்று, நல்ல தண்ணீர் நிரப்பிய பீப்பாய்களை மூடி வைத்தாயிற்று. சுற்றிப் பார்த்தாள். லாலி மட்டும் வரவில்லை.

ஹாஜெரா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"சாச்சி, கயிறு குடுங்க."

ஹாஜெரா வெற்றிலை மென்றபடி எழுந்திருக்காமலே பதில் சொன்னாள். "எதுக்கு? போன தடவை ஆனையைக் குடுத்துப் பூனையை வாங்கினேன். இப்ப மாட்டைக் குடுத்தா எலியையா தருவே?"

"உங்க சேலையில ஒரு துண்டு கிழிச்சுக் கட்டுங்க சாச்சி. மாறவே மாறாது."

"கிழிக்கறதுக்கு எங்கிட்ட ஏது சேலை? இருக்கறதைக் கட்டிக்கிட்டு இருக்கேன்."

"லாலிக்கு நாள் நெருங்கிடுச்சே. இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்குது."

"அதேதான் நானும் சொல்றேன். நிறை மாசத்து மாட்டைக் கொண்டுபோய் ஊர்க்கண்ணு மொத்தமும் இருக்கற மேட்டுல நிறுத்துவாங்களா? கண்ணு பட்டுக் கன்னு செத்துப் பிறந்தா நீ பதில் சொல்லுவியா?"

"தண்ணி வந்தா யாரு சாச்சி பதில் சொல்றது?"

"எத்தனை கொடி பார்த்திருக்கேன்! தண்ணியா வந்துச்சு? கத்திக்கிட்டுத் திரியற துலாலோட தொண்டைதான் வறண்டுச்சு. போ, போய் வேற வேலையைப் பாரு."

சணல் குச்சித் தட்டிக்குப் பின்னால் ரஹேலா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மாமியார் நில் என்றால் நிற்கவேண்டும், அந்த ஊர் மருமகளுக்கு அதற்குமேல் வழியில்லை. தான் காலா, அதாவது சித்தி, என்று கூப்பிடுகிற மொர்ஜினாவிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மொர்ஜினா போய்த் துலாலைக் கூட்டிக்கொண்டு வந்தாள். துலால்தான் அந்தப் பகுதித் தொண்டர்களின் தலைவன், ஒலிபெருக்கி அவன் வசம். காலையிலிருந்து கத்திக் கத்தி, கையிலிருந்த அந்தக் குழலை வாயிலிருந்து எடுக்கவே மறந்துபோயிருந்தான். கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டு, "தாய்மார்களே! உடனே கிளம்புங்க!" என்று முழங்கினான்.

"ஏன்டா, மூஞ்சிக்கு நேரா நின்னுக்கிட்டுக் கத்துறே? நான் என்ன செவிடா?"

"இல்லை சாச்சி!" என்று அதையும் குழல் வழியாகவே சொன்னான் துலால். கரைக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஹாஜெரா வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுக் கதவுக்குள் போய்விட்டாள். துலால் தலையில் அடித்துக்கொண்டான். இன்னும் நாலு வீடு பாக்கி இருந்ததால் அவன் அங்கே நிற்க முடியவில்லை.

மொர்ஜினாவும் திரும்பி நடந்தாள். வாய்க்கால் ஓரம் வந்தபோது கால் தானாக நின்றுவிட்டது. அது கடல் இறக்கத்தின் நேரம், தண்ணீர் வெளியே ஓடவேண்டும். ஆனால் வெங்காயத்தாமரைக் கொத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போய்க்கொண்டிருந்தன, சந்தைக்குப் போகிற கூட்டம் மாதிரி அவசர அவசரமாக. இறக்கத்திலேயே இப்படி ஏறினால், ஏற்றம் வரும்போது கரைக்கு வெளியே எதுவும் மிஞ்சாது. மாமியாரின் வைராக்கியத்தோடு சேர்ந்து அந்தச் சின்னப் பெண்ணும் பச்சைக் குழந்தையும் போவார்கள். லாலி முளையில் கட்டினபடி, வயிற்றில் கன்றோடு, தண்ணீருக்குள் நிற்கும்.

அவளுக்கு அந்த நேரத்தில் மனிதர்களை என்ன செய்வது என்று தெரியவில்லை. மனிதர்களை அவளால் கயிறு கட்டி இழுக்க முடியாது. மாட்டை முடியும்.

வாழைத்தோப்பு வழியாகச் சுற்றிப் பின்பக்கம் போய் மாட்டுக்கொட்டிலுக்குள் நுழைந்தாள். லாலி அவளைப் பார்த்து மூச்சு விட்டது. மழையில் ஊறிய கயிறு உப்பிப்போயிருந்தது, முடிச்சில் நகம்கூட நுழையவில்லை. இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

இந்தக் கயிற்றை அறுத்தால் அவள் திருடி. நாளைக்கு எந்த வாசலில் போய் நின்று கயிறு கேட்பாள்? யார் கொடுப்பார்கள்? இந்த ஒரு மாட்டுக்காக இனி வரப்போகிற எல்லாப் புயலிலும் எல்லா மாட்டையும் இழக்க வேண்டியிருக்கும். அறுக்காவிட்டால், இதோ கண்ணுக்கு முன்னால் நிற்கிற லாலி. "யா அல்லா, எனக்கு இந்தக் கணக்கெல்லாம் வராது" என்று வாய்விட்டே சொன்னாள். சொல்லிவிட்டு ஒரே வீச்சில் அறுத்தாள்.

யாருக்கும் தெரியாமல் தோப்பு வழியே போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் நிறைமாதப் பசு என்ன முயலா, பதுங்கிப் போக? சேற்றில் தப்தப்பென்று நடந்து, ஒரு கத்தும் கத்தியது. தட்டியின் இடுக்கில் ரஹேலாவின் முகம் தெரிந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வாயைத் திறந்து ஒரு நாளும் சத்தமாகப் பேசியறியாத அந்தப் பெண், அடிவயிற்றிலிருந்து கூப்பாடு போட்டாள்.

"அம்மா! திருடி! மாட்டைத் திருடிட்டுப் போறா! மொர்ஜினா காலா நம்ம லாலியைத் திருடிட்டா அம்மா!"

அதற்குப் பிறகு நடந்ததை அந்த ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. முன்னால் மஞ்சள் சட்டையோடு மொர்ஜினா, பசுவை இழுத்துக்கொண்டு. பின்னால் விளக்குமாறோடு ஹாஜெரா பீபி, முக்காடு தோளில் விழுந்து கிடக்க. அவளுக்குப் பின்னால், மாமியாரைத் தனியாக விடக்கூடாதே என்கிற கடமையோடு, குழந்தையும் ஒரு மூட்டையுமாக ரஹேலா. "நில்லுடி கயித்துத் திருடி! உன் கையில புழு வைக்க! நில்லு!" என்று ஹாஜெரா கத்துகிறாள். காற்று அவள் சாபத்தைப் பாதி வழியிலேயே பிடுங்கிக்கொண்டு போகிறது. கரைமேல் நின்றிருந்த துலாலுக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. ஆனால் ஹாஜெரா பீபி வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டாள் என்பது மட்டும் புரிந்தது. குழலை வாயில் வைத்து, "வழி விடுங்க! ஹாஜெரா சாச்சி வர்றாங்க! வழி விடுங்க!" என்று திட்டு முழுக்கக் கேட்கும்படி அறிவித்தான்.

கரைமேல் ஏறுவதற்குச் சற்று முன்னால் ஒரு தாழ்வான இடம். அங்கே முழங்கால் தண்ணீர் ஏறியிருந்தது. லாலி நின்றுவிட்டது. மொர்ஜினா இழுத்தாள், கெஞ்சினாள், வாலை முறுக்கினாள். பசு அசையவில்லை. மூச்சிரைக்க ஹாஜெரா வந்து சேர்ந்தாள். விளக்குமாற்றை ஓங்கினாள். மொர்ஜினா கண்ணை மூடிக்கொண்டாள், கயிற்றை விடவில்லை.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது ஹாஜெரா திரும்பி நின்று தன் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் தண்ணீர் பளபளத்தது. வாசலில் கவிழ்த்து வைத்திருந்த நெல் குதிர் மெல்ல அசைந்து, மிதந்து, வேலியில் போய் முட்டியது. ஹாஜெரா சட்டென்று திரும்பி, ஓங்கியிருந்த விளக்குமாற்றால் லாலியின் பின்தொடையில் ஒன்று வைத்தாள்.

"நடடீ முண்டம்! எல்லாரும் சாகறதுக்கா நிக்கறே?" பிறகு மொர்ஜினாவிடம், "நீ இழு. நான் தள்ளறேன். ஆனா நீ திருடிதான். அதுல மாத்தம் கிடையாது" என்றாள்.

இழுத்தும் தள்ளியும் பசுவைக் கில்லா மேல் ஏற்றி, அவர்கள் காப்பகத்துக்குள் போனபோது பொழுது சாயவில்லை, ஆனால் வெளிச்சம் போய்விட்டது. மொர்ஜினா ரஹேலாவுக்கு ஒரு மூலையில் இடம் பிடித்துக் கொடுத்தாள். ரஹேலா மூட்டையை அவிழ்த்தாள். பொரி டப்பா, வெல்லம், குழந்தைக்கு மாற்றுத் துணி, மாமியாரின் முதுகுவலித் தைலம், வெற்றிலைப் பெட்டி. திருடியைத் துரத்திக்கொண்டு ஓடி வந்தவள் எடுத்து வந்த சாமான்கள் அவை.

"இதையெல்லாம் எப்பக் கட்டினே?" என்று மொர்ஜினா காதோடு கேட்டாள்.

"காலையில ரெண்டாவது கொடி ஏறும்போதே காலா." ரஹேலா மாமியார் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள். "அம்மாகிட்டச் சொல்லிடாதீங்க."

தண்ணீர் அன்றைக்குக் கரையைத் தாண்டி வந்தது. காப்பகத்தின் தூண்களில் ஏறி, படிகளில் பாதி வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. உள்ளே எல்லோரும் தொழுதார்கள், குழந்தைகள் அழுதன, கில்லாவிலிருந்து மாடுகள் கத்துவது கேட்டுக்கொண்டே இருந்தது. மொர்ஜினாவுக்கு அந்தச் சத்தம் போதும். கத்துகிற வரைக்கும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம்.

காலையில் ஓடிப்போய்ப் பார்த்தாள். உச்சியில், மற்ற மாடுகள் சுற்றி நிற்க, லாலி ஒரு செவலைக் கன்றை நக்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. மொர்ஜினாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சேறென்று பார்க்காமல் உட்கார்ந்து கன்றின் முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டாள். பின்னாலேயே ஹாஜெரா ஏறி வந்தாள். கட்டியிருந்த சேலையின் முந்தானையைப் பல்லால் கடித்து ஒரு துண்டு கிழித்து, கன்றின் கழுத்தில் கட்டினாள். "இங்க எல்லாம் ஒண்ணுக்கொண்ணு மாறிடும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அவள் வீடு இருந்த இடத்தில் நாலு மூங்கில் கால்கள் மட்டும் நின்றன. கூரைத் தகரம் வடக்கே யாருடைய வயலிலோ கிடந்தது. கரைக்கு வெளிப்பக்கம் எந்த வீடும் மிஞ்சவில்லை. ஆனால் திட்டில் ஓர் உயிரும் போகவில்லை. அன்று கிச்சடி பொங்கி எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டுக் கையைக் கழுவியதும் ஹாஜெரா நேராகப் பஞ்சாயத்து மெம்பர் சுலைமானிடம் போனாள். "சாலிஷ் கூட்டு. என் மாட்டுக் கயித்தை மொர்ஜினா அறுத்துட்டா" என்றாள்.

மெம்பருக்குச் சங்கடம். ஆனால் கயிற்று வழக்கு என்று ஒருவர் வாயைத் திறந்துவிட்டால் பஞ்சாயத்துக் கூட்டாமல் இருக்க முடியாது. அதுதான் அங்கே சட்டம். இப்படி ஆகும் என்று தெரிந்துதான் மொர்ஜினா அறுத்தாள், ஆனாலும் நேற்று இருவரும் சேர்ந்து அந்தப் பசுவைத் தள்ளினார்களே என்று ஒரு நப்பாசை இருந்தது. மொத்தாலேப் அவளைத் தேற்றப் பார்த்தான். "விடு. திருடின்னு சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. வீட்டுல இருந்து எனக்கு மீன் வறுத்துப் போடு." அவள் சிரிக்கவில்லை.

காப்பகத்துக்குக் கீழே, ஈரம் காயாத தரையில் சாலிஷ் கூடியது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மெம்பர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மொர்ஜினா, ஹாஜெரா சாச்சி வீட்டுக் கயித்தை அறுத்தது நீதானா?"

"நான்தான்."

"கேட்டுட்டு அறுத்தியா, கேக்காம அறுத்தியா?"

"கேட்டேன். குடுக்கலை. கேக்காம அறுத்தேன்."

முணுமுணுப்பு எழுந்தது. "நல்லதுக்குத்தானே செஞ்சா" என்றான் ஒருவன். "இன்னிக்கு நல்லதுக்கு அறுப்பா. நாளைக்கு வேற ஒருத்தன் நல்லதுக்குன்னு சொல்லி என் எருமையை ஓட்டிட்டுப் போனா?" என்றான் இன்னொருவன். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. மொர்ஜினா மஞ்சள் சட்டையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கேட்டால் கொடுத்துவிடலாம் என்று.

"சாச்சி, நீங்க சொல்லுங்க" என்றார் மெம்பர். "இவ திருடியா?"

ஹாஜெரா எழுந்து நின்றாள். கிழிந்த முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

"திருடிதான். என் கண்ணால பார்த்தேன். ஊரே பார்த்துச்சு. இதோ இந்தத் துலால் குழல் வச்சு ஊதினான். குளத்துப் படியில நான் என்ன சொன்னேன்? கொடிக்குப் பயந்து வீட்டை விட்டு வரமாட்டேன்னு சொன்னேன். வந்தேனா? வரலை. திருடியைப் பிடிக்க வந்தேன். என் வார்த்தை சுத்தமா இருக்கு. எல்லாரும் நல்லாக் கேட்டுக்கங்க. இவ திருடி இல்லைன்னு எவனாவது சொன்னா, அப்புறம் நான் பயந்து ஓடி வந்தவளா ஆயிடுவேன்."

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ரஹேலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி சாச்சி. திருடிக்கு என்ன தண்டனை கேக்கறீங்க?"

ஹாஜெரா மொர்ஜினாவை நேராகப் பார்த்தாள். பிறகு குரலை உயர்த்தி, ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்.

"அடுத்த கொடி ஏறும்போது இவ முதல்ல என் வீட்டுக்கு வந்து திருடணும். முதல் கொடியிலேயே வரணும். மூணாவது வரைக்கும் நின்னு யோசிச்சுட்டு, இந்த வயசுல என்னைச் சேத்துல ஓட வைக்கக் கூடாது. நான் குடுக்கமாட்டேன்னுதான் சொல்லுவேன். அதைக் காதுல போட்டுக்கக் கூடாது."

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. முதலில் மெம்பர்தான் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். அப்புறம் கூட்டமே சிரித்தது. எருமைக்காரன்கூட எழுந்து, "அப்ப எங்க வீட்டுக்கு எப்ப வருவா?" என்றான்.

"என் வீட்டுல திருடி முடிச்சுட்டு வருவா. பொறு" என்றாள் ஹாஜெரா.

மொர்ஜினா மடியிலிருந்த சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். மொத்தாலேப் வந்து பக்கத்தில் நின்றான், அவனுக்கும் கண் கலங்கியிருந்தது. ஹாஜெரா பீபி இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இதுக்கே அழுதா எப்படிடி? திருடறவளுக்குக் கொஞ்சம் நெஞ்சழுத்தம் வேணாம்?"